ஹெட் ஊறட்டும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் போகிற சாலையில் இருக்கிறது இண்டூர். இந்த மாதிரி ஊர்களில் ஜெராக்ஸ் கடை என்பது பாதி அரசு அலுவலகம். பட்டா நகல், சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாமே மேசை மேலிருக்கும் ஓர் இங்க் டேங்க் பிரிண்டர் வழியாகத்தான் கைக்கு வருகின்றன. நாலு நாள் சும்மா கிடந்த அந்த பிரிண்டரில் ஒரு காலையில் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. போட்டோவில் சிவப்பு குறைந்து முகம் பச்சை தட்டுகிறது. உடனே, மை தெறிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்ய, ஹெட் கிளீனிங் கொடுக்கிறார்கள். சரியாகவில்லை என்றதும் மறுபடி, மறுபடி. ஆறாவது தடவைக்குப் பிறகு ஒரு சிரிஞ்ச் வருகிறது, அதில் குழாய்த் தண்ணீர் ஏறுகிறது. இரண்டு நாள் கழித்து “ஹெட் போச்சு” என்று தீர்ப்பாகிறது. இப்படிப் போகிற ஹெட்களில் பல, அடைப்பினால் போவதில்லை. அடைப்பை எடுக்கப் போன அவசரத்தாலும், அதற்குள் செலுத்திய தண்ணீராலும் போகின்றன. அடைத்த ஹெட்டுக்கு முதல் மருந்து நேரம். இரண்டாவது மருந்து உப்பில்லாத நீர். விசைக்கு இடம் கடைசியில்தான், அதுவும் கொஞ்சமாக. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பது ஹெட்டின் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

ஹெட்டின் அடிப்பக்கம் விரல்நுனி அளவுக்கு ஒரு தகடு. எப்சன் எல்3110 போல நாம் கடைகளில் அதிகம் பார்க்கிற மாடலில், கருப்பு மைக்கு 180 துளைகள், மற்ற மூன்று நிறங்களுக்கும் தலா 59 துளைகள். இவ்வகை ஹெட்களில் துளையின் விட்டம் சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் இருக்கும். அதிலிருந்து தெறிக்கும் சொட்டைச் சில பிக்கோலிட்டர் என்று அளக்கிறார்கள். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குக்குத்தான் பிக்கோலிட்டர் என்று பெயர். சொட்டைத் தெறிக்க வைப்பதில் இரண்டு வழி உண்டு. 1977இல் கேனன் நிறுவன ஆய்வகத்தில், மை நிரம்பிய சிரிஞ்ச் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் பட்டதும் மை பீய்ச்சியது. அங்கே பிறந்தது ‘பபிள் ஜெட்’. மையை மைக்ரோ நொடிகளில் சுமார் 300 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் எழும் ஆவிக் குமிழியால் சொட்டைத் தள்ளுகிற முறை இது. எச்.பி.யும் இதே வழிக்குத் தனியாக வந்து சேர்ந்தது. எப்சனும் பிரதரும் வேறு பாதையில் போயின. மின்சாரம் கொடுத்தால் வளையும் பீசோ படிகம் மை அறையை அமுக்க, சொட்டு வெளியேறுகிறது. இங்கே சூடு கிடையாது. ரிப்பேருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். எச்.பி.யின் சின்ன கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. புது கார்ட்ரிட்ஜ் போட்டால் புது ஹெட். கேனன் ஜி வரிசையில் ஹெட்டைக் கழற்றி வேறு வாங்கிப் போடலாம். எப்சன் எல் வரிசையில் ஹெட் இயந்திரத்தின் உறுப்பு, அதன் ஆயுளுக்கும் அதுவே. ஆகவே பொறுமை அதிகம் தேவைப்படுவது அந்தக் கடைசி வகைக்கு.

மையில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு நிறம், சீக்கிரம் காயாமலிருக்க கிளிசரால் மாதிரி ஈரம் பிடித்து வைக்கும் பொருள்கள், ஓட்டம் சரியாக இருக்கக் கொஞ்சம் சோப்புத்தன்மை உள்ள சேர்மானம். பிரிண்டர் சும்மா இருக்கையில் துளையின் வாயிலிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, மற்றதெல்லாம் அங்கேயே நிற்கிறது. வெல்லப் பாகு இறுகுவது போலத்தான் இது நடக்கிறது: முதலில் கெட்டியாகும், பிறகு ஆடை கட்டும், அப்புறம் கட்டியாகும். சாய வகை மை காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்துவிடும். பிக்மென்ட் வகை, அதாவது நுண்ணிய நிறத்தூள் மிதக்கும் மை, அவ்வளவு சுலபத்தில் இளகாது. அதில் பிசின் கலந்திருந்தால் இன்னும் பிடிவாதம். எப்படி இருந்தாலும் இது காய்ந்த பாகு. பாகு காய்ச்சிய சட்டியில் அடிப்பிடித்ததை யாரும் கரண்டியால் சுரண்டிக்கொண்டே நிற்பதில்லை. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம், காலையில் தானாக விடுகிறது.

சுரண்டல் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, விஷயத்தின் உயிர்நாடியே அதுதான். கருப்பு வரிசையின் 180 துளைகளில் 10 அடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஹெட் கிளீனிங் கொடுத்தால் பம்ப் கீழிருந்து உறிஞ்சுகிறது. மை எந்த வழியாக வரும்? திறந்திருக்கும் 170 துளைகள் வழியாக. எளிய வழி இருக்கும்போது அடைத்த துளையின் மேல் அழுத்தம் ஏறுவதே இல்லை. சிரிஞ்சை மேலே மாட்டி அழுத்தினாலும் இதே கதைதான், திறந்த துளைகள் தாரையாகக் கொட்டும், அடைத்தவை அப்படியே நிற்கும். இன்னும் பலமாக அழுத்தினால் அடைப்பு போகும் முன் வேறு ஏதாவது போகும். நிறங்களைப் பிரிக்கும் ஒட்டு விட்டுப்போய் மஞ்சளில் கருப்பு கலக்கலாம். பீசோ அறையின் மெல்லிய சவ்வு கிழியலாம். மேல்பக்கம் கசிந்த மை ரிப்பன் கேபிள் முனையை அடைந்து ஷார்ட் ஆகலாம். கிளீனிங்கைத் திரும்பத் திரும்ப கொடுப்பதில் வேறொரு நஷ்டம். உறிஞ்சிய மை எல்லாம் அடியிலிருக்கும் பஞ்சுப் பேடில் போய்ச் சேர்கிறது, இயந்திரம் அதைக் கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது. கணக்கு நிரம்பினால் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும். ஒரு கோட்டை நீக்கப் போய்ப் பேடின் ஆயுளைக் கரைப்பது நல்ல வியாபாரம் இல்லை.

ஆகவே கை வைக்கும் முன் நாசில் செக் காகிதத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பார்க்க வேண்டும். படிக்கட்டு மாதிரி இறங்கும் குட்டிக் கோடுகள், நிறத்துக்கு ஒரு தொகுதி. ஒவ்வொரு கோடும் ஒரு துளையின் கையெழுத்து. இரண்டு முறை செக் எடுத்து, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளி அதே இடங்களில் இருந்தால் அது காய்ந்த அடைப்பு. முதல் தாளில் ஓரிடம், இரண்டாவதில் வேறிடம் என்று இடைவெளி நகர்ந்தால் அங்கே அடைப்பே இல்லை, உள்ளே காற்று புகுந்திருக்கிறது. டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியபோது, அல்லது பிரிண்டரைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனபோது நுழைந்த காற்று. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், சிரிஞ்சும் வேண்டாம், ஓய்வு போதும். எப்சனின் கையேடுகளே சில முறை கிளீனிங் கொடுத்தும் சரியாகாவிட்டால் நிறுத்திவிட்டு, மாடலைப் பொறுத்து 6 அல்லது 12 மணி நேரம் பிரிண்ட் எடுக்காமல் விட்டுப் பிறகு பார்க்கச் சொல்கின்றன. காத்திருக்கிற நேரத்தில் குமிழிகள் மையில் கரைகின்றன, அல்லது துளையை விட்டு மேலே ஏறிவிடுகின்றன. ஒரு நிறம் முழுக்கவே காணோம் என்றால் 59 துளைகளும் ஒரே ராத்திரியில் அடைத்தன என்று நினைப்பதைவிட, டேங்க் காலியா, குழாயில் நீளமாகக் காற்று நிற்கிறதா, ஹெட்டை மூடும் கேப் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதுதான் புத்தி. கிளீனிங் கொடுக்கக் கொடுக்க இடைவெளி அதிகமானால் கேப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதன் ரப்பர் விளிம்பில் காய்ந்த மை இருந்தால் பிடிப்பு இல்லை, பிடிப்பு இல்லாத பம்ப் மைக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது.

அடுத்தது தண்ணீர். தருமபுரி மாவட்டத்தில் இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. கடினப் பாறை நிலம். ஆழ்குழாய்க் கிணற்றில் வருவது பல ஊர்களில் உப்புத் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதித்த மாவட்டம் இது. அதனால்தான் ஜப்பானின் கடனுதவியோடு காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஹெட்டைப் பொறுத்தவரை ஃபுளோரைடு முதல் எதிரி அல்ல, கடினத்தன்மைதான் எதிரி. அதாவது கால்சியமும் மக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த 600 எல்லையிலுள்ள தண்ணீரின் ஒரு சொட்டு, 0.05 மில்லிலிட்டர், ஹெட்டில் காய்ந்தால் மிஞ்சுவது சுமார் 30 மைக்ரோகிராம் சுண்ணாம்பு. கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஆனால் 20 மைக்ரான் விட்டமும் அதே ஆழமும் உள்ள ஒரு துளையை முழுக்க அடைக்க 0.017 மைக்ரோகிராம் போதும். ஒரு சொட்டில் இருக்கும் சுண்ணாம்பு, ஏட்டுக் கணக்குப்படி, 1,700க்கு மேற்பட்ட துளைகளை அடைக்கும். அந்த ஹெட்டில் இருப்பதே மொத்தம் 357 துளைகள். காய்ந்த மை தண்ணீரில் கரையும். காய்ந்த சுண்ணாம்பு அப்படிக் கரையாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்ததைத் தேய்த்தவர்களுக்கு அது தெரியும்.

இதைவிட நுட்பமான கெடுதலும் உண்டு. பிக்மென்ட் மையில் நிறத்தூள் மிதப்பதற்குக் காரணம், துகள்கள் ஒரே மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று விலக்குவது. கால்சியம் வந்தால் அந்த விலக்கம் தளர்ந்து துகள்கள் திரிந்து கட்டிக்கொள்கின்றன, பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான். காகித ஆலைகள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. ‘கலர்லாக்’ முத்திரை போட்ட காகிதத்தில் உப்பு சேர்ந்திருப்பது, மை உள்ளே ஊறாமல் மேற்பரப்பிலேயே திரிந்து நிற்க வேண்டும் என்பதற்காக. காகிதத்தில் நடக்க வேண்டியதை ஹெட்டுக்குள் நடத்திக்காட்டுகிறது போர் தண்ணீர். வினிகர் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அது சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை, ஆனால் பல மைகள் காரத்தன்மையில்தான் நிலையாக நிற்கின்றன, அமிலம் பட்டால் அவையும் திரியும். சானிடைசரில் ஜெல் கெட்டிப்பான் இருக்கிறது, அதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தால் சில ஹெட்கள் பிழைத்ததுண்டு. ஆனால் அதிலுள்ள வாசனைப் பொருளும் கரைப்பானும் ஹெட்டின் ஒட்டுப்பசையை என்ன செய்யும் என்பது வாங்குகிறவர் கையில் இல்லாத விஷயம். ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும் கேப்பை வெளியில் துடைக்கப் பரவாயில்லை. உள்ளே போவதற்கு வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். அதற்கு எங்கும் அலைய வேண்டாம். பேட்டரிக் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் ‘பேட்டரி தண்ணி’ என்று கேட்டால் கொடுப்பது அதைத்தான், அல்லது அதே போல உப்பு நீக்கிய நீரைத்தான். பக்கத்திலேயே பேட்டரி ஆசிட் கேனும் இருக்கும் என்பதால் லேபிளைப் படித்து வாங்குவது அவசியம்.

ஊறவைப்பது சாமர்த்தியம் கேட்கிற வேலை இல்லை. ஏதாவது ஒரு பிரிண்ட் கொடுத்து, ஹெட் நடுப்பக்கம் வந்ததும் பிளக்கைப் பிடுங்கினால் அது பூட்டில்லாமல் நிற்கும், கையால் நகர்த்தலாம். வலது ஓரத்தில் தெரியும் பஞ்சு வைத்த சின்ன ரப்பர்ப் பெட்டிதான் கேப். முதல் வேலை அதைச் சுத்தம் செய்வது. பேட்டரித் தண்ணீரில் நனைத்த, நார் உதிராத துணித்துண்டால் விளிம்பை நாலு பக்கமும் துடைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ரப்பர் வைப்பரையும்தான். விளிம்பு கருப்பாக மினுங்குகிற வரை அந்தத் துணி கறையாகிக்கொண்டே இருக்கும். பிறகு டிராப்பரால் கேப்புக்குள் சில சொட்டு, பஞ்சு நனைந்து லேசாகத் தண்ணீர் தெரியும் அளவுக்கு மட்டும் விட்டு, ஹெட்டை அதன் மேல் கொண்டுவந்து உட்காரவைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். பிளக் மாட்டக் கூடாது. துளைகளின் வாய் கீழ்நோக்கி ஈரத்தில் படிந்திருக்க, காய்ந்த பாகு மெதுவாக இளகுகிறது. காலையில் ஆன் செய்து ஒரே ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். பாதி இடைவெளி போயிருந்தால் வழி சரி, அன்று ராத்திரியும் அதையே செய்யலாம். கார்ட்ரிட்ஜோடு ஹெட் வரும் வகையில் இன்னும் சுலபம். வெதுவெதுப்பான பேட்டரித் தண்ணீரில் நனைத்த மடித்த டிஷ்யூ மேல் துளைப்பக்கத்தைச் சில நிமிடம் வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால், நிறங்கள் பட்டை பட்டையாக டிஷ்யூவில் இறங்குவதைப் பார்க்கலாம். செம்புத் தொடுமுனையில் மட்டும் ஈரம் படக்கூடாது.

இதற்கு எதிர்ப்பேச்சு வரும். “சர்வீஸ் கடையில் சிரிஞ்ச் போட்டுப் பத்தே நிமிஷத்தில் ஓட வைக்கிறார்களே” என்பது முதலாவது. ஓட வைக்கிறார்கள் என்பது உண்மை. கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் சிரிஞ்சைப் பலமாக அழுத்துவதில்லை. ஹெட்டைக் கழற்றி, குழாய் மாட்டி, சுத்தம் செய்யும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டு, நடுவில் ஊறவும் விடுகிறார். அவர் கையில் இருப்பது அழுத்தத்தை எங்கே நிறுத்துவது என்ற அறிவு. அதைப் பார்த்து வீட்டில் குழாய்த் தண்ணீர் ஏற்றி அழுத்துகிறவரிடம் சிரிஞ்ச் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது, “ஹால் டிக்கெட் நாளில் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது ராத்திரி வரைக்கும் காத்திருக்க முடியுமா” என்பது. நியாயமான கேள்வி, இதற்கு ஊறவைத்தலில் பதில் இல்லை. அன்றைய நெருக்கடியைச் சமாளிக்கக் கடையில் பழைய கருப்பு வெள்ளை லேசர் ஒன்று துணைக்கு இருக்க வேண்டும். லேசரில் இருப்பது தூள். காய்வதற்கு அதில் ஈரமே இல்லை. அப்படியானால் எல்லாரும் லேசருக்கே போகலாமே என்றால், கலர் லேசருக்கு ஆகும் டோனர் செலவையும் போட்டோ தாளில் அது தரும் தரத்தையும் பார்த்தால், பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக் கொடுக்கும் கடை இங்க்ஜெட்டை விட முடியாது. மூன்றாவது, “புதுசு வாங்கிவிடலாமே”. கார்ட்ரிட்ஜ் வகைக்கு இந்த வாதம் சரி, பழைய கார்ட்ரிட்ஜோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஆனால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டி விலை கொடுத்து வாங்கிய டேங்க் பிரிண்டரை, ஒரு பாட்டில் பேட்டரித் தண்ணீரையும் இரண்டு ராத்திரியையும் செலவழித்துப் பார்க்காமல் பழைய இரும்புக்குப் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போடப்படுவது மோட்டாரும் ஸ்கேனரும் பவர் சப்ளையும் எல்லாம் நன்றாக இருக்கிற ஓர் இயந்திரம்.

வராமல் பார்த்துக்கொள்வதிலும் கேப்புக்குத்தான் முதலிடம். பிரிண்டரின் சொந்த பட்டனில் ஆஃப் செய்தால் ஹெட் வீட்டுக்குப் போய் மூடிக்கொள்கிறது. சுவர் சுவிட்சை அணைத்தால், நடுவழியில் நின்ற ஹெட் திறந்த வாயோடு அங்கேயே கிடக்கும். மின்தடையும் இதையேதான் செய்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது, அன்று காலையில் பட்டனில் அணைத்துவிடலாம். சொல்லாமல் போகும் கரண்ட் திரும்பி வந்ததும் ஒருமுறை ஆன் செய்து, ஹெட் ஓரத்துக்குப் போகும் சத்தம் கேட்ட பிறகு அணைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட கடைக்குள் திறந்து கிடக்கும் ஹெட்டுக்கு ஒரு மதியம் போதும். பள்ளி விடுமுறையில் வேலை குறைகிற வாரங்களில் எல்லா நிறமும் வருகிற ஒரு பக்கம், வாரத்துக்கு ஒன்று எடுத்தால் துளைவாயில் நிற்கும் பழைய மை வெளியேறிவிடும். மலிவு மை பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் நிறைய. கெடுதல் பெரும்பாலும் கலப்பில்தான் இருக்கிறது: சாய மை இருந்த டேங்கில் பிக்மென்ட் மையை ஊற்றுவது, ஒரு பிராண்டின் பாதியோடு இன்னொன்றின் பாதியைச் சேர்ப்பது. இரண்டும் தனித்தனியே நல்ல மையாகவே இருக்கலாம், சேர்ந்தால் திரிகின்றன.

எல்லா ஹெட்டும் பிழைக்கும் என்று சொல்லவில்லை. மூன்று ராத்திரி ஊறவைத்தும், கேப் நன்றாகப் பிடித்து மையை உறிஞ்சியும், நாசில் செக்கில் அதே தொகுதி துளிகூட மாறாமல் காலியாகவே நின்றால், அது மின்சாரப் பழுதாக இருக்கக்கூடும். பீசோவோ, சூடேற்றும் தகடோ, ஹெட்டை இயக்கும் சிப்போ எரிந்திருக்கலாம். வெப்ப வகையில் மை இல்லாமல் தொடர்ந்து அடித்தாலே அப்படி எரியும். ஒரு சோதனை மிச்சமிருக்கிறது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நனைந்த டிஷ்யூவை ஹெட்டின் கீழ் மடித்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். காணாமல் போன அந்த நிறம் டிஷ்யூவில் தெளிவாக இறங்கியிருந்தால், மை துளை வரைக்கும் வருகிறது, தள்ளிவிட அங்கே ஆள் இல்லை. அந்த ஹெட்டுக்கு எந்தத் தண்ணீரும் உதவாது. புது ஹெட் என்ன விலை, புது பிரிண்டர் என்ன விலை என்று தருமபுரியிலோ சேலத்திலோ கேட்டுக் கணக்குப் போட வேண்டியதுதான்.